கீழடியை வானத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

கூகுள் எர்த் புரோகிராமை முதன்முதலாக இன்ஸ்டால் செய்யும் எவரும் முதலில் தேடுவது தங்கள் வீட்டு மொட்டை மாடியைத்தான். அடுத்து படித்த பள்ளிக்கூடம், பிறகு மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்கள், பிறகு தாஜ்மகால். அத்தோடு பலருக்கும் அலுத்து விடுகிறது. அந்தப் புரோகிராமை வைத்துக் கொண்டு உருப்படியாக ஒரு வேலை செய்ய முடியும். அதற்கு முன்னால் ஒரு இடத்தைப் பார்த்து விடுவோம்.

தேடுவதற்கான கட்டத்தில் 9.863, 78.182 என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. நடுவில் கமா அவசியம். உலக உருண்டை சுழன்று வந்து, மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில் இறங்கும். சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் தாலுகா, கீழடி. தமிழகத் தொல்லியல் துறை 2018ல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு, அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் லேபில் கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் அந்த அறிக்கை வெளியானதும் கீழடி என்ற பெயர் தமிழர் வீடுகளில் எல்லாம் அடிபட்டது.

இப்போது மானிட்டரைப் பாருங்கள். என்ன தெரிகிறது? தென்னை மரங்கள். மேலே போய்ப் பார்த்தாலும் தென்னை, கீழே இறங்கிப் பார்த்தாலும் தென்னை. நடுவே அகழாய்வு நடந்த சதுரங்களும் கட்டடங்களும் கொஞ்சம். பள்ளிச்சந்தைத் திடல் என்று ஊர்க்காரர்கள் அழைக்கும், ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புள்ள மேட்டின் அடியில் ஒரு பழைய குடியிருப்பு இருப்பதற்கான அடையாளம் படத்தில் எதுவும் இல்லை.

சாட்டிலைட் படத்தில் ஜூம் செய்தால் புதைந்த நகரம் தெரியும் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். ஈ-மெயிலிலும் வாட்ஸ்ஆப்பிலும் வரும் படங்களும் அதைத்தான் சொல்கின்றன. நம் வைகைச் சமவெளியில் அது அவ்வளவு சுலபமில்லை. ஏன் என்று தெரிந்து கொண்டால், அந்தப் படங்கள் எதற்கு உண்மையிலேயே பயன்படும் என்பதும் புரியும்.

ஒரு பிக்ஸல் எத்தனை சென்ட்?

டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது, அந்தக் கட்டம்தான் பிக்ஸல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேமரா வாங்கும்போது மெகாபிக்ஸல் கணக்குக் கேட்கிறோம். சாட்டிலைட் படத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு பிக்ஸல் தரையில் எவ்வளவு இடத்தை அடைத்துக் கொள்கிறது?

அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை சாட்டிலைட்களின் படங்களில் ஒரு பிக்ஸல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். நாலைந்து வீட்டு மனைகளைச் சேர்த்து ஒரே நிறத்தில் ஒரு புள்ளியாக வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. 110 ஏக்கர் பள்ளிச்சந்தைத் திடல் முழுவதும் அந்தப் படத்தில் 500 புள்ளிகளுக்குள் அடங்கி விடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட்டில் பிக்ஸல் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். நம் இஸ்ரோ 2005ல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 இரண்டரை மீட்டர் வரை வந்தது. 2019 நவம்பரில் அனுப்பிய கார்ட்டோசாட்-3 கருப்பு வெள்ளையில் சுமார் 25 செ.மீ. வரை பார்க்கும். கீழடியில் கிடைத்த பழைய செங்கல் ஒன்றின் நீளம் இதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

அப்படியானால் செங்கல்லையே எண்ணி விடலாமே என்றால், முடியாது. பிக்ஸல் எவ்வளவு சிறியதானாலும் அது பார்ப்பது தரையின் மேல்பரப்பை மட்டும்தான். சாதாரண வெளிச்சம் மண்ணுக்குள் ஆழமாக இறங்காது. 353 செ.மீ. ஆழத்தில் இருப்பதை மேலிருந்து பார்க்க வழியே இல்லை.

பிறகு எப்படி வெளிநாடுகளில் வானத்திலிருந்து கோட்டைகளைக் கண்டுபிடித்தார்கள்? அங்கே பயிர் காட்டிக் கொடுத்தது. மண்ணுக்கு அடியில் கல் சுவர் இருந்தால் அதன் மேல் விளையும் பயிருக்கு வேர் இறங்க இடம் போதாது, சீக்கிரம் வாடும். பழைய அகழி தூர்ந்து போன இடமானால் ஈரம் தங்கும், பயிர் நெடுநாள் பச்சையாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் வாடிய கோடும் பச்சைக் கோடுமாக, அடியில் இருப்பதன் வரைபடம் பயிரிலேயே தெரியும். இங்கிலாந்தில் 1920களில் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு என்பவர் விமானப் படங்களை வைத்து இதை ஒரு முறையான ஆய்வாகவே வளர்த்தார். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பயிரின் வாட்டம் இன்னும் முன்னதாகவே தெரியும். ஆரோக்கியமான இலை அந்த ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும், வாடிய இலை குறைவாக அனுப்பும். அதனால்தான் ஆய்வு சாட்டிலைட்களில் அகச்சிவப்புக்குத் தனி பேண்டு வைத்திருக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் இந்த வித்தை எடுபடுவது கஷ்டம். கோதுமை வயல் வானம் பார்த்த பூமி. நம் நெல் வயலிலோ கண்மாய்த் தண்ணீரைப் பாய்ச்சி, சேறடித்து, நிறுத்தி வைக்கிறோம். எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கிடைத்தால் வாட்டத்தில் வித்தியாசம் எங்கிருந்து வரும்? தென்னந்தோப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மட்டைதான் தெரியும்.

மரத்தைத் தாண்டிப் பார்க்க லைடார் என்று ஒரு கருவி இருக்கிறது. விமானத்திலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புவார்கள். பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்பி விடும். சில மட்டும் இலைகளின் இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். அந்தச் சிலவற்றை மட்டும் சாப்ட்வேர் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத தரை கிடைக்கும். கம்போடியாவில் அங்கோர் பகுதியில் 2012ல் சுமார் 370 சதுர கி.மீ. பரப்பை இப்படி அளந்து, காட்டுக்கு அடியில் இருந்த பழைய தெருக்களையும் குளங்களையும் பார்த்தார்கள். ஆனால் லைடார் காட்டுவதும் தரையின் மேடு பள்ளத்தைத்தான். அங்கோரில் அந்த மேடு பள்ளம் அழியாமல் இருந்தது. வைகை அப்படி விட்டு வைக்கவில்லை. ஆற்று வெள்ளம் கொண்டு வந்த வண்டல் பழைய குடியிருப்பை மூடியிருக்கிறது. ஆமதாபாத் பி.ஆர்.எல். ஆய்வாளர்களும் தமிழகத் தொல்லியல் துறையும் சேர்ந்து, மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்கிடும் முறையில் இதைச் சோதித்தார்கள். சுமார் 1,150 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெருவெள்ளம் வந்திருக்கிறது என்று 2025ல் வெளியிட்டார்கள்.

தரைக்கு அடியில் பார்க்கும் கருவிகள்

ஆகவே கீழடியில் வேலையைத் தரையில் நடந்துதான் செய்ய வேண்டியிருந்தது. 2019 ஜூனில் ஐந்தாம் கட்ட அகழாய்வு தொடங்கும் முன், மும்பை இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துணையோடு தொல்லியல் துறை அந்த இடத்தை ஆராய்ந்தது. ஆளில்லாப் பறக்கும் கேமரா, மேக்னடோமீட்டர், தரை ஊடுருவும் ரேடார் மூன்றும் பயன்பட்டன.

மேக்னடோமீட்டர் பூமியின் காந்தப்புலத்தை அளக்கிறது. களிமண்ணில் இரும்பு கலந்த துகள்கள் உண்டு. அந்த மண்ணைச் செங்கல்லாகவோ பானையாகவோ சுட்டு, 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி ஆற விட்டால், ஆறும் நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் துகள்கள் உறைந்து விடும். உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கும் காந்தத் துகள்களின் திசையை வைத்துத்தான் தகவலைப் பதிகிறது. சுட்ட செங்கல் ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய ஹார்டு டிஸ்க் என்று வைத்துக் கொள்ளுங்கள். அடுப்பு, சூளை, செங்கல் சுவர் எல்லாம் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இப்படித் தனித்துத் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பதுதான் விஷயம். மதுரைப் பக்கம் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. புதைந்த சுவர் அதில் உண்டாக்கும் மாற்றம் சில நானோடெஸ்லா, அதிகம் போனால் சில பத்து. அளப்பவர் இடுப்பு பெல்ட்டையும் செல்போனையும் கழற்றி வைத்து விட்டு நடக்க வேண்டும். தோப்புக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தால், போர்வெல் குழாயும் மோட்டாரும் இருந்தால், அந்தப் பக்கத்து அளவுகள் கெட்டுப் போகும். நம் சமவெளியில் இவை இல்லாத தோப்பு எங்கே இருக்கிறது?

தரை ஊடுருவும் ரேடார் பார்ப்பதற்குப் புல்வெட்டும் வண்டி போல இருக்கும். தள்ளிக் கொண்டே போனால் மண்ணுக்குள் ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்யும். எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிட வேண்டும். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று விளக்க விரும்புகிறேன். வண்ண வண்ணமாக வரும் ரேடார் படத்தைப் பார்க்கும் பலரும் அதை எக்ஸ்ரே போல நினைத்து விடுகிறார்கள்.

ஒரு எதிரொலி 40 நானோசெகண்டில் வந்தது என்று வையுங்கள். நானோசெகண்டு என்பது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. காய்ந்த மணலில் அலை ஒரு நானோசெகண்டுக்குச் சுமார் 15 செ.மீ. போகும். போய்த் திரும்ப 40 என்றால் போக மட்டும் 20. எனவே ஆழம் 3 மீட்டர். ஈரக் களிமண்ணில் அதே அலை சுமார் 6 செ.மீ. வேகம்தான். அப்போது ஆழம் 1.2 மீட்டர். எதிரொலி ஒன்றுதான், விடை இரண்டு. மண் எது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் போடும் ஆழக் கணக்கு வெறும் ஊகம். போதாததற்கு, ஈரக் களிமண் ரேடார் அலையை விழுங்கியும் விடும். மழை முடிந்த கையோடு போனால் ஒன்றும் தெரியாது.

பெரிய வேரும் எதிரொலி தரும், பழைய வாய்க்கால் கரையும் தரும். சாப்ட்வேர் துறையில் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் இந்த மாதிரி விடையை ஃபால்ஸ் பாசிட்டிவ் என்போம். அதனால் இந்தக் கருவிகள் நகரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. 110 ஏக்கரில் எந்தப் பத்து மீட்டர் சதுரத்தில் முதல் மண்வெட்டியைப் போடலாம் என்று சொல்கின்றன. தோண்டிய குழியை மூடிவிட்டுத் திரும்பத் தோண்ட முடியாது. அடுக்குகள் கலைந்தால் கலைந்ததுதான், அங்கே அன்டூ பட்டன் கிடையாது. எனவே அந்த ஒரு குறிப்பே பெரிய உதவி.

தோண்டிய பிறகும் கம்ப்யூட்டருக்கு வேலை உண்டு. கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகை, முதுமக்கள் தாழிகள் புதைத்த இடுகாடு. அங்கே கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஸ்கேன் செய்ய, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த முப்பரிமாண ஸ்கேன் மீது சாப்ட்வேரில் தசையும் தோலும் ஏற்றி முகங்களை உருவாக்கினார்கள். 2025ல் வெளியான அந்த முகங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். முகத்தின் வடிவத்துக்கு எலும்பு சாட்சி. தோல் நிறம், தலைமுடி போன்றவற்றுக்கு எலும்பில் சாட்சி கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக் கொண்டு பாருங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரின் வேலை

இதெல்லாம் நிபுணர்கள் வேலை, நமக்கென்ன என்று கேட்கலாம். வைகைக் கரையில் தொல்லியல் தடயமுள்ள இடம் கீழடி ஒன்று மட்டும் அல்ல. இந்தியத் தொல்லியல் துறை 2013-14ல் வருசநாட்டு மலையிலிருந்து கடற்கரை வரை வைகையை ஒட்டி நடந்து தேடியபோது 293 இடங்களைக் குறித்தது. தோண்டியது அவற்றில் விரல் விட்டு எண்ணும் அளவு. மீதி மேடுகளில் எத்தனை, மனைப்பிரிவு போடவும் செங்கல் சூளைக்கு மண் எடுக்கவும் போகின்றனவோ? ஜே.சி.பி. இயந்திரத்துக்கு ஒரு மேட்டைச் சமமாக்க ஒரு நாள் போதும். போன பிறகு அங்கே மேடு இருந்தது என்பதற்கு எஞ்சும் சாட்சி பழைய படம்தான். சாட்டிலைட் படத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசம். அதில் வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரி என்பதைக் கிளிக் செய்யுங்கள். படத்தின் மேலே ஒரு காலக்கோடு வரும். அதை இடது பக்கம் இழுத்தால் ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். 2024 முதல் பிரவுசரில் இயங்கும் கூகுள் எர்த்திலும் இந்த வசதி உண்டு. மேலூர்ப் பக்கம் கீழவளவுக்குப் போய் இப்படி இழுத்துப் பாருங்கள். கிரானைட் குவாரிகளின் வளர்ச்சி ஆண்டுவாரியாகத் தெரியும். சமணர் படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ள ஊர் அது. மதுரை மாவட்ட கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க சென்னை உயர் நீதிமன்றம் 2014ல் உ.சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்து, அவர் 2015ல் அறிக்கை கொடுத்தது நினைவிருக்கும். வெட்டிய மலையை அறிக்கை திரும்பக் கொண்டு வராது. எப்போது வெட்டினார்கள் என்று தேதியோடு காட்டப் படம் உதவும்.

இன்னும் பின்னால் போக வேண்டுமா? அமெரிக்க உளவு சாட்டிலைட்டான கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களின் ரகசியத்தை 1995ல் நீக்கி விட்டார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து உங்கள் ஊருக்குப் படம் இருக்கிறதா என்று தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டவற்றை டவுண்லோட் செய்யக் கட்டணம் இல்லை. பைல்கள் பெரியவை, பொறுமை வேண்டும். நம் இஸ்ரோவின் புவன் தளத்தையும் பாருங்கள். 2009லிருந்து இயங்குகிறது.

உங்கள் ஊரில் மேடு, திடல், கோட்டை என்று முடியும் காட்டுப் பெயர்கள் இருக்கும். பெரியவர்களிடம் கேளுங்கள். உழும்போது கருப்பு சிவப்பு ஓடு மேலே வருகிறதா என்று கேளுங்கள். பள்ளிச்சந்தைத் திடலும் முதலில் ஒரு பெயர்தான். கீழடியில் கிடைத்த பழம்பொருட்களை 1970களிலேயே மாணவர்களைக் கொண்டு சேகரித்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் கையில் சாட்டிலைட் படம் எதுவும் இல்லை.

கேட்டுத் தெரிந்த இடத்துக்குக் கூகுள் எர்த்தில் மஞ்சள் நிற ஊசியைக் குத்தி, கீழே வரும் பெட்டியில் ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர், நீங்கள் கண்டது, தேதி மூன்றையும் தமிழிலேயே டைப் செய்யுங்கள். டூல்ஸ் மெனுவில் உள்ள ரூலரில் பாலிகன் என்பதைத் தேர்ந்தெடுத்து மேட்டைச் சுற்றிக் கிளிக் செய்தால் பரப்பளவு கிடைக்கும். பிறகு ஆண்டு ஆண்டாகக் காலக்கோட்டை நகர்த்தி, ஒவ்வொரு படத்தையும் பைல் மெனுவில் சேவ் இமேஜ் கொடுத்துச் சேமித்துக் கொள்ளுங்கள். படத்தின் தேதி உள்ளே வருமாறு பார்த்துக் கொள்வது முக்கியம்.

படத்தில் வட்டமாக ஒன்று தெரிந்ததும் கோட்டை என்று குதிக்க வேண்டாம். நெல் அடித்த களம், வைக்கோல் படப்பு இருந்த தடம், தூர்ந்த கிணறு, பிறை போன்ற கண்மாய்க் கரை, சூளைக்கு மண் எடுத்த குழி எல்லாமே மேலிருந்து பார்த்தால் மர்மமாகத்தான் தெரியும். நேரில் நடந்து பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

நேரில் போனால் தோண்டாதீர்கள், மெட்டல் டிடெக்டர் கொண்டு போகாதீர்கள், ஓட்டைக்கூடப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம். எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடைத்தது என்ற தகவல் போன பிறகு ஓடு வெறும் ஓடுதான். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிப்பது கட்டாயம். துல்லியமான இடத்தை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவதும் வேண்டாம். புதையல் தேடுகிறவர்களும் அதே குரூப்பில் இருக்கலாம்.

குறித்து வைத்ததைத் தொல்லியல் துறைக்கு அனுப்பும்போது, இடது பக்கப் பட்டியலில் அந்த இடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சேவ் பிளேஸ் ஆஸ் கொடுங்கள். கே.எம்.எல். என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சில கிலோபைட்தான் இருக்கும், ஈ-மெயிலில் இணைக்கலாம். அவர்கள் பயன்படுத்தும் வரைபட சாப்ட்வேர்களிலும் இது திறக்கும். பைலுக்கு ஊர்ப் பெயரையும் தேதியையும் சேர்த்துப் பெயர் வையுங்கள், ஒரு காப்பியை பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.